ஒன்பது நிமிட லாபம்

"என்னோட ரெண்டு நாள் எங்க அத்தான்?" என்று அவள் போடுகிற சத்தத்தில், அலுவலகத்தில் பாதித் தலைகள் கணினிக்கு மேலே எழும்புகின்றன. நிச்சயமான ஜோடி சண்டை போட்டால் யாருக்கு வேலை ஓடும்? இருக்கும் ஒரே பதவி உயர்வுக்கு இருவருமே போட்டி. மருத்துவமனைப் பதிவுகளைத் தரவுத்தளத்தில் ஏற்ற, எழுத்துக் கோப்பைவிட, கணினி மட்டுமே படிக்கும் பைனரிக் கோப்பு ஒன்பது நிமிடம் வேகம் என்கிற அவனது அறிக்கை மேலாளர் மேசையில் மினுங்குகிறது. கோப்புகளைப் பைனரியாக மாற்ற அவள் முதுகொடிய உட்கார்ந்த இரண்டு நாள் அதில் இல்லை. அவள் பெயரும் இல்லை. "ஏத்துற நேரத்தைத்தானே கேட்டாங்க? மாத்துற நேரத்தை யாரு கேட்டா?" என்கிறான், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். அவள் மோதிரத்தைத் திருகுகிறாள். தேநீரில் ஆடை படிகிறது.

பதவி உயர்வோடு தலைமை அலுவலகம் போனவன், அங்குள்ள மேலாளரின் மகளைக் கட்டிக்கொண்டான். அவள் இங்கேதான் இருக்கிறாள். அவன் அறிக்கைப்படி இன்றும் கோப்புகளை மாற்றிக்கொண்டு.