பதினாலு காரட்டுக்கு இறங்காத வீக்கம்

"உங்க சங்கிலியக் கொஞ்சம் குடுங்கக்கா. பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி" என்று வாசலில் நின்றாள் பக்கத்து வீட்டு மாயக்காள்.

இடுப்பில் மகள். அதன் கன்னங்கள் இரண்டும் பணியாரம்போல் உப்பியிருந்தன.

சரஸ்வதியின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போயிற்று.

திருச்சுழிக் கடைத்தெருவில் இது புதிதன்று. சர்க்கார் ஆஸ்பத்திரி மாத்திரையையும் விழுங்கவைத்து, வீக்கம் வற்றும்வரை கழுத்தில் பொன்னும் பூட்டிவைக்காத வீடு அங்கே இல்லை; கம்பவுண்டர் வீடு உட்பட.

"உன் கழுத்துல கெடக்குறதுக்கு என்ன?"

"இது போன வருசம் செஞ்சதுக்கா. சர்க்கார் தங்கத்துக்குச் சட்டம் போட்ட பெறகு வந்த பதினாலு காரட்டு. இதுக்கெல்லாம் வீக்கம் இறங்குமா?"

சரஸ்வதி அணிந்திருந்ததோ அதுவுமன்று; முலாம் பூசிய பித்தளை.

அசல் சங்கிலி காரியாபட்டியில் தங்கை அருஞ்சுனையின் கழுத்தில் கிடந்தது. சென்ற தையில், நகை குறைகிறதென்று மாப்பிள்ளை வீட்டார் தாலி கட்டவிட மறுத்தபோது, யாருமறியாமல் கழற்றிக் கொடுத்தது. புகுந்த வீட்டில் எவருக்கும் தெரியாது.

வீக்கம் இறங்காவிட்டால் இந்தச் சங்கிலியின் மாற்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனினும் பெரிது, அந்தப் பச்சைமண் படும் பாடு.

"கழத்திக் குடு தாயி. பிள்ளையப் போட்டு நிக்க வச்சுக்கிட்டு" என்றாள் உள்ளிருந்து மாமியார் சுப்பம்மாள்.

கழற்றிக் கொடுத்தாள்.

மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'பித்தளையைப் பொன்னாக்கச் சொல்லவில்லை, தாயே; வீக்கத்தை மட்டும் வாங்கிக்கொள்' என்று துணைமாலையம்மை சந்நிதியில் நெய்விளக்கு ஏற்றி நின்றாள்.

நான்காம் நாள் மாயக்காள் சிரித்த முகமாய் வந்தாள். மகள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. கன்னம் வற்றியிருந்தது.

"பழைய தங்கம்னா பழைய தங்கந்தேன்" என்று சங்கிலியைக் கையில் வைத்தாள்.

சங்கிலியோடு ஒரு மஞ்சள் நூலும் வந்தது. நூலில் ஒரு பொற்காசு.

"இது யாருது?"

"உங்க அத்தையோடதுதேன். அன்னைக்கே கொல்லைப்பக்கம் கூப்புட்டு, 'சங்கிலியோட இதையும் சேத்துக் கட்டு'ன்னாக. உங்களுக்குத் தெரியாதா?"

மாயக்காள் போய்விட்டாள். சரஸ்வதி சங்கிலியும் காசுமாக உள்ளே வந்தாள்.

முற்றத்தில் சுப்பம்மாள் தலைநிமிராமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சங்கிலியக் கழுத்துல போட்டுக்க தாயி" என்றாள். "கையில வச்சுக்கிட்டு நிக்காத. உம் புருசன் வார நேரம்."