முயலின் குரல்

எதிர்வீட்டுக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் நானும் தம்பி வைரவனும் கார்ட்டூன் பார்ப்போம். சத்தம் கேட்காது. "முயல் என்னக்கா சொல்லுது?" என்பான். மூக்கைப் பிடித்துக்கொண்டு முயலாகப் பேசுவேன். அவன் சிரிக்கிற சிரிப்பில், உள்ளே இருப்பவர்கள் திரைச்சீலையை இழுத்துவிடுவார்கள்.

இப்போது வைரவனின் மகள் செல்போனில் பார்க்கிறாள். அதிலும் ஒரு முயல். ஓயாமல் கத்துகிறது, பாடுகிறது, ஓடுகிறது. அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

மில்லிலிருந்து வந்ததும் அவளருகில் சாய்ந்து சத்தத்தை நிறுத்தினேன். பழையபடி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என் வாலக் காணோமே, நீ எடுத்தியாடி?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. முயலையே உற்றுப் பார்த்தாள்.

"இதுக்கு உடம்பு சரியில்லையா அத்தை?"

திரையில் ஓடிக்கொண்டிருந்த முயலின் நெற்றியில் மெல்ல விரலை வைத்தாள். முயல் அப்படியே நின்றது.