சைக்கிள்காரர்கள் கேட்ட பாதை

"எங்க காலுக்குப் பூட்டு, அவங்க சைக்கிளுக்குத் தொறப்பா? இது எந்த ஊரு நியாயம் கறுப்பையா?"

பாலம்மா கேட்டது தேயிலைத் தோட்டத்தின் மேல்லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும். அவளுக்கு அப்படியொரு குரல். கேட் வாச்சர் கறுப்பையா என்ன செய்வான் பாவம், சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"நான் என்னாத்த செய்ய அக்கா? தோட்டத்துத் தொரை குடுத்த பாஸ் அவங்க கையில இருக்கு. ஞாயித்துக்கெழம தொறந்து விடச் சொல்லி உத்தரவு."

கண்டியிலிருந்து வரும் சைக்கிள் கிளப் அது. தடித்த டயர், தலையில் கவசத் தொப்பி, முகமெல்லாம் சேறு. சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்று இருபது பேர். ஹுன்னஸ்கிரியப் பக்கம் மலையேறி, தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் கூச்சல் போட்டுக்கொண்டு பறப்பார்கள். அன்றைக்குக் கடைசியாகப் போனவர் மட்டும் பிரேக்கைப் பிடித்து, பாலம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பாதையில்தான் லயத்துப் பிள்ளைகள் காலங்காலமாகப் பள்ளிக்கூடம் போனார்கள். கால் மணி நேர நடை. வடக்கே சண்டை மும்முரமாக இருந்த அந்த வருஷம் எங்கேயோ ஒரு குண்டு வெடிக்க, பாதுகாப்பு என்று சொல்லிப் புதுத் துரை கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டார். அதன் பிறகு பெரிய ரோட்டால் சுற்றி ஒன்றேகால் மணி நேரம். நடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வழியில் இராணுவச் செக்பொயின்ட் இருக்கிறதே! பாலம்மாவின் மகள் யோகராணிக்குப் பதினாறு வயது. இரண்டு தரம் அவளைத் தனியாக நிறுத்தி விசாரித்தார்கள். மூன்றாம் நாள் பாலம்மா மகளின் புத்தகப் பையைத் தூக்கி அட்டாலிப் பரணில் போட்டுவிட்டாள்.

"டிசம்பர்ல ஓ.எல். பரீட்ச இருக்கும்மா!"

"நீ முழுசா வீட்டுல இருந்தா அதுவே போதும்டி தாயே. படிப்பு கெடக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, பிறகு பையில் தூசி படாமல் பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடி வைத்தாள். அந்த லயத்தில் ஓ.எல். அரசாங்கப் பரீட்சை வரைக்கும் வந்தது அவள் மகள் ஒருத்திதான்.

அடுத்த ஞாயிறு சைக்கிள்கள் லயத்து வாசலிலேயே வந்து நின்றன. போன வாரம் திரும்பிப் பார்த்த மனிதர் கையில் கடதாசியோடு இறங்கினார். பேர் மயில்வாகனம், கண்டியில் பேங்க் வேலை, பேச்சு யாழ்ப்பாணம்.

"அம்மா, பிள்ளையள் படுற கஷ்டத்தை வாச்சரிட்டைக் கேட்டுத் தெரிஞ்சுகொண்டம். பாதையைத் திறக்கச் சொல்லி ஒரு மனு குடுக்கப் போறம். ஆர் ஆர் இதால போறனீங்கள் எண்டு பேரும் ஐடென்டிகாட் நம்பரும் சொன்னீங்களெண்டால்..."

பேர் என்று சொன்னதுதான் தாமதம், லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பாலம்மா மட்டும் நின்றாள்.

"பேரா? போன வருசமும் இப்பிடித்தான்யா கடதாசியோட வந்து பேரு எழுதுனாங்க. மறு வாரமே ஆமிக்காரங்க வந்து என் தம்பிய ஏத்திக்கிட்டுப் போனாங்க. மூணு மாசம் உள்ள கெடந்து பாதி ஒடம்பா வந்தான். ஒங்களுக்குத்தான் பாஸ் இருக்கே, வெளாடிட்டுப் போங்களேன். எங்க பேரு எதுக்கு ஒங்களுக்கு?"

மனிதரின் முகம் செத்துவிட்டது. கடதாசியை அவள் கண்முன்னாலேயே நாலாகக் கிழித்தார்.

"பிழை எங்களிலதான் அம்மா. நானும் தமிழன், எனக்கு இது விளங்கியிருக்க வேணும். கோவிக்காதேங்கோ."

போய்விட்டார்கள். "நல்லாக் குடுத்தே அக்கா!" என்று லயமே அன்றைக்குப் பாலம்மாவை மெச்சியது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, கேட் ஆவென்று திறந்து கிடந்தது.

பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு பாய்ந்து ஓடினார்கள். யோகராணி பையைத் தானே இறக்கி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். பாலம்மா கோயில் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா! யூனியன் தலைவருக்கும் ஒரு மால போடணும்."

"யூனியனா? நல்லா இருக்கே கத!" கறுப்பையா சிரித்தான். "எல்லாம் அந்தச் சைக்கிள்காரங்க பாத்த வேல. தொரைகிட்டயும் கவர்மெண்டு கச்சேரிக்கும் மாறி மாறி நடந்தாங்க. மனுவுல ஒங்க பேரு ஒண்ணுகூட இல்ல. இருபது பேரும் அவங்க பேரு, அட்ரஸ், ஐடென்டி நம்பர் போட்டு, எது நடந்தாலும் பொறுப்பு நாங்கன்னு கையெழுத்து வச்சிருக்காங்க."

"அவங்களையா நான் அப்பிடிப் பேசிட்டேன்?" என்று பாலம்மா மெல்லக் கேட்டாள். அது அவளுக்கே புதுசு.

அந்த ஞாயிறு விடியுமுன்னே எழுந்தாள். ரொட்டி தட்டினாள், சம்பல் அரைத்தாள், பெரிய கேத்தல் நிறையத் தேத்தண்ணி ஊற்றினாள். இருபது பேருக்கும் வயிறு நிறையக் கொடுக்க வேண்டும், தான் பேசிய பேச்சுக்கு மன்னிப்பும் கேட்க வேண்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டருகே நின்றாள். எட்டு மணி ஆனது, பத்து மணியும் ஆனது. ஒரு சைக்கிளையும் காணோம்.

"எம்மேல கோவம் போல யோகா. நான் பேசுன பேச்சுக்கு யாரு வருவா?"

யோகராணி கேட் தூணில் அடித்திருந்த புதுப் பலகையை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். இங்கிலீசில் இருந்தது.

"கோவமில்லம்மா. நடந்து போகலாம், சைக்கிள் வரத் தடைன்னு இதுல போட்டிருக்கு."

"அடப் பாவிகளா! பாதைய வாங்கிக் குடுத்தவங்களுக்கே தடையா? எந்தக் கட்டையில போறவன்டா இந்தப் பலகைய அடிச்சது?"

அப்போதுதான் வேலைக்கு வந்த கறுப்பையா தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணு ஒங்க சைக்கிள் போகட்டும், இல்லாட்டி லயத்துச் சனம் நடக்கட்டும், ரெண்டுக்கும் தொறக்க ஏலாதுன்னு தொரை அவங்ககிட்ட கண்டிசனாச் சொல்லிட்டாரு அக்கா. நேத்துப் பின்னேரம் அந்த மயில்வாகனம் ஐயாதான் வந்து பாஸைத் திருப்பிக் குடுத்துட்டு, அவரு கையாலயே இந்தப் பலகைக்கு ஆணி அடிச்சிட்டுப் போனாரு."