கைக்குப் பழுதில்லை

"பழுதான கையை யார் தலையில கட்டப் பார்க்கிறீங்க?" என்று சீறினார் ஓய்வுபெற்ற மேஜர்.

போரில் வலக்கையை இழந்த மகனுக்கு ராணுவ மருத்துவமனை தந்த இயந்திரக் கை அது. சும்மா இருக்கும்போதும் அதன் ஆள்காட்டி விரல் மடங்கி மடங்கி நீண்டது.

"கை நல்லாத்தான் இருக்கு சார்," என்றார் அதைப் பொருத்திய பெண் பொறியாளர். "முழங்கையில கட்டின பட்டை தசையோட சின்னத் துடிப்பையும் படிச்சு, கம்பியில்லாமலே கைக்குச் சொல்லுது. விரல் அதைத்தான் செய்யுது."

"ஆமாப்பா," என்றான் மகன், தலையைக் குனிந்தபடி. "நான் சுட்டவன் முகம் கண்ணுல வரும்போதெல்லாம் மடங்குது."

"எதிரியைச் சுட்டுட்டுக் கலங்குறவன் நம்ம பரம்பரையிலேயே பொறக்கல! பட்டையை எனக்குக் கட்டும்மா. உன் மெஷின் லட்சணம் தெரியட்டும்."

கட்டியதும் மேஜர் தன் கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். கழற்றிய இயந்திரக் கை மேசைமேல் அசையாமல் கிடந்தது.

"இப்ப நீங்க பார்த்த போரை நினைச்சுக்கோங்க சார்."

நெஞ்சை நிமிர்த்திக் கண்களை மூடினார். சற்று நேரத்தில் மேசையில் 'டக், டக்' என்று சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். பல வருடம் அடக்கிப் பழகிய அவருடைய விரல்களில் சிறு அசைவும் இல்லை. மேசைமேல் இருந்த விரல் மட்டும், துப்பாக்கி விசையை இழுப்பதுபோல் மடங்கிக்கொண்டே இருந்தது.

பொறியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு மெல்லக் கேட்டான்.

"உங்களுக்கு யார் முகம்ப்பா வருது?"