எந்த ஜன்னல்

சாப்பாட்டு மேசைமேல், கரியமில வாயுவை அளக்கும் சின்னக் கருவியின் எண்கள் பச்சையாக ஒளிர்கின்றன. அதைப் பழுது பார்த்த மனைவி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கிறாள். கதவடைத்த அறையில் கணவர் பேசப் பேச எண் ஏறுகிறது. ஆயிரத்தைத் தொட்டதும் அவருக்கு ஒரே குஷி. "எல்லாம் என் மூச்சா?" "வேற யாரு இங்க வாய் ஓயாம பேசுறது?" என்றபடி ஜன்னலைத் திறக்கிறாள். திரைச்சீலை உப்புகிறது, வெயில் மேசைக்கு வருகிறது. எண் மடமடவென்று இறங்கி நானூற்று முப்பதில் நின்றுவிடுகிறது. அவர் கருவியைத் தட்டிப் பார்க்கிறார். "இதுக்குக் கீழ போகாதா?" "நம்ம கல்யாணத்தப்போ முந்நூத்தி எண்பது வரைக்கும் போச்சு. இப்ப வெளிக்காத்துலயே இவ்வளவு இருக்குங்க. வருஷா வருஷம் ஏறுது. அதான் வெயிலும் கூடவே ஏறுது." அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். "சரி, உள்ள ஏறினா இதைத் திறந்தோம். வெளிய ஏறினா எந்த ஜன்னலைத் திறக்கிறது?"