மேளத்தின் குரல்

ஆப்பிரிக்காவில், யொருபா மக்களின் ஊரில் மேளம் பேசும். அடித்தால் போதும், வரிசையாகப் புத்தி சொல்லும். ஊரே கேட்டு ஆடும். சொன்னபடி நடந்தவர் யாருமில்லை.

ஒரு வெள்ளாட்டுக் குட்டி, மேளக்காரர் வீட்டு ஆணியில் தொங்கிய மேளத்திடம் வந்தது. "நான் கத்தினா கல்லு விட்டெறியிறாங்க. நீ கத்தினா கும்பிடுறாங்க. எனக்கும் உன் குரல் வேணும்" என்றது.

"வேண்டாம் சாமி. நானும் இங்கே வந்து இதையேதான் கேட்டேன். மேளக்காரர் கிழங்குத் தோலு போட்டாரு. தின்னுக்கிட்டே நின்னுட்டேன். நீ ஓடிப் போயிடு" என்றது மேளம்.

"ஓடுன்னு சொல்றதுகூட எவ்வளவு இனிமையா இருக்கு. போன மழைக்குக் காணாமப் போன எங்கம்மா குரல் மாதிரியே இருக்கு."

"மாதிரி இல்லடா" என்றது மேளம்.

குட்டி ஓடவில்லை. மேளத்தின் தோலில் கன்னத்தை வைத்து உரசியது. தோல் சூடாக இருந்தது. உள்ளேயிருந்து மேளக்காரர் கை நிறையக் கிழங்குத் தோலோடு வந்தார்.

அடுத்த திருவிழாவில் பெரிய மேளமும் புதிதாகக் கட்டிய சின்ன மேளமும் சேர்ந்து, "ஓடு, ஓடு" என்றன. ஊர் ஆடியது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற புதுக் குட்டி ஒன்று, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே கிட்டே வந்தது.