ஒரு பெயர் போதும்

"அண்ணைமாரே, அக்காமாரே, என்ர மனிசி ராஜினி ஒப்பரேசன் தியேட்டரில கிடக்கிறா. ரத்தம் நிக்குதில்லை. ஆராவது வாகனத்தில ஏறி ரத்தம் குடுங்கோ!"

ஒலிபெருக்கியில் சுதாகரனின் குரல் உடைந்து வந்தது. முள்ளியவளைச் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியோடு நிமிர்ந்து பார்த்தார். சைக்கிளில் போன ஒரு பெண் காலை ஊன்றி நின்றாள்.

இரத்ததான வாகனத்தின் படியில் டொக்டர் நஃப்லா நின்றாள். அன்று ஆஸ்பத்திரித் தியேட்டரில் ராஜினி என்று ஒருவரும் இல்லை. சுதாகரன் அந்த வாகனத்தின் சாரதி. அப்படிச் சொல்லச் சொன்னவளே அவள்தான்.

காலையிலிருந்து அவளேதான் மைக்கைப் பிடித்துக் கத்தினாள். இரத்த வங்கி வெறுமையாகப் போகிறது, மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இரத்தம் தேவை, ஒருவர் கொடுத்தால் மூன்று பேர் பிழைப்பார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். சனம் தலையாட்டிவிட்டு மரக்கறிப் பையோடு போனது. உள்ளே கட்டில்கள் விரித்தபடியே கிடந்தன. எட்டிப் பார்த்த இரண்டொருவரும் யாரையும் காணாமல் மெல்ல விலகிவிட்டார்கள்.

வெயில் ஏறிய நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "டொக்டர், இஞ்ச குளிர்பெட்டியில ஒண்டும் இல்லாத மாதிரித்தான். நாளைக்கு ரெண்டு அம்மாமாருக்கு ஒப்பரேசன். பக்கத்து ஆஸ்பத்திரியளும் கையை விரிச்சிட்டினம்."

போனை வைத்தபோது நஃப்லாவுக்கு அழுகை வந்தது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. யாரிடம் போய்க் கெஞ்சுவது என்றுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் கொழும்பில் நடந்த பயிற்சி வகுப்பு நினைவுக்கு வந்தது. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் படிப்பித்த பொருளியல் விரிவுரையாளர், அரசாங்க அறிவித்தல்கள் ஏன் எடுபடுவதில்லை என்று விளக்கியிருந்தார். ஆயிரம் பேர் என்றால் கேட்பவருக்கு அது வெறும் கணக்கு. ஒரு பெயர், ஒரு முகம் என்றால் மனம் எழும்பிவிடும். அன்று அதைக் கெட்டித்தனமான பேச்சென்று ரசித்துக் கேட்டவள், இன்று வேறு வழியில்லாமல் சாரதியிடம் போய் நின்றாள்.

"சுதாகரண்ணை, உங்கட வீட்டில ஒராளுக்கு ரத்தம் வேணுமெண்டு மைக்கில சொல்லுவீங்களே? பிழைதான். ஆனால் எனக்கு வேற ஒண்டும் தெரியேல்லை."

சுதாகரன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். பின்னாலிருந்த தாதி கமலாசனிதான் பதறினாள்.

"அவரை விடுங்கோ டொக்டர். நான் வேணுமெண்டால் சொல்லுறன்."

"பரவாயில்லை மிஸ். நானே சொல்லுறன்" என்று சுதாகரன் இறங்கினார்.

இரண்டு வசனம் சொல்வார் என்றுதான் நஃப்லா நினைத்திருந்தாள். அவரோ நிறுத்தவே இல்லை.

"பிள்ளை பிறந்திட்டுது. பொம்பிளைப் பிள்ளை. தாய் இன்னும் முகம் பாக்கேல்லை. என்ர ரத்தம் அவாவுக்குச் சேராதாம். உங்களில ஆற்றையாவது ரத்தம் சேரும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்…"

மீன் வெட்டியவர் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். சைக்கிள்காரி சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். அவர்களைக் கண்டு ஓட்டோக்காரர்கள் வந்தார்கள். வரிசையைக் கண்டு இன்னும் சனம் வந்தது. ஒருவர் எழும்புமுன் அடுத்தவர் கட்டிலருகே நின்றார். கமலாசனி பைகளுக்குப் பெயரொட்டி மாளாமல் திணறினாள்.

மரக்கறி விற்கிற அம்மா ஒருத்தி திருநீற்றை எடுத்துச் சுதாகரனின் நெற்றியில் பூசினாள். "வற்றாப்பளை அம்மாள் கைவிடமாட்டா தம்பி. அழாத." அவர் குனிந்து பூசிக்கொண்டார். கண்ணீர் நிற்கவில்லை.

நஃப்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தப் பொய்க்கு அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் வரிசையில் நின்ற ஒருவரையும் போகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பின்னேரம் சந்தை வெறிச்சோடியபோது குளிர்பெட்டிகள் நிரம்பிவிட்டன. நாளைக்கு இரண்டு தாய்மாரையும் பயமில்லாமல் தியேட்டருக்கு அனுப்பலாம். சுதாகரன் நிழலுக்குக் கட்டியிருந்த படங்கின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நஃப்லா தயங்கித் தயங்கிக் கிட்டப் போனாள்.

"சுதாகரண்ணை, உங்களைப் பொய் சொல்ல வைச்சிட்டன். என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"அதுக்கென்ன டொக்டர். பெட்டி நிரம்பிட்டுதுதானே."

"நீங்கள் அழுத நேரம் எனக்கே உண்மை போலக் கிடந்தது. ராஜினி எண்டது ஆர்?"

"என்ர மனிசிதான்."

அவளுக்குச் சங்கடமாக இருந்தது. "அவான்ர பேரையே சொல்லிப்போட்டீங்களே. கேள்விப்பட்டால் ஏசமாட்டாவே?"

சுதாகரன் கயிற்றைச் சுற்றி முடித்தார். வாகனத்துக்குள் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒருதரம் பார்த்தார்.

"பிள்ளை பிறந்த அண்டைக்கும் இப்பிடித்தான் டொக்டர், நான் கத்தக் கத்த சனம் ஓடி வந்தது. அவாவாலதான் காத்திருக்க ஏலாமப் போச்சு."